நீதிபதி நாற்காலிக்கு எந்த வழி?

பினாங்கு லைட் ஸ்திரீட் நீதிமன்றத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தில் திகைத்துப்போகிறார்கள். சாலைக் குற்றச் சம்மனுக்காகவோ, தங்கை மகன் மாட்டிக்கொண்ட அடிதடி வழக்குக்காகவோ வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எழுந்து நிற்கச் சொல்லி மலாயில் ஒரு குரல் வரும். பக்கக் கதவைத் திறந்துகொண்டு கறுப்பு கோட்டில் ஒருவர் வந்து மேடையில் அமர்வார். வயது முப்பதைத் தொட்டிருக்காது. "இந்தப் பிள்ளையா தீர்ப்புச் சொல்லப் போகிறது?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுப்பார்கள். ஆமாம், அந்தப் பிள்ளைதான். ஒருவரை ஐந்து ஆண்டு வரை சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அந்தப் பிள்ளைக்கு இருக்கிறது.

நாம் நினைத்து வைத்திருக்கும் நீதிபதி வேறு. நரைத்த தலை, இருபது முப்பது ஆண்டு வழக்காடிய அனுபவம், கையில் மரச் சுத்தியல். படங்கள் செய்த வேலை இது. மலேசிய நீதிமன்ற மேடையில் சுத்தியல் கிடையாது. பெரிய வழக்கறிஞராகப் பேர் வாங்கிய பிறகுதான் நீதிபதியாக முடியும் என்பதும் கீழ்நிலை நீதிமன்றங்களைப் பொறுத்தவரை சரியில்லை. மாஜிஸ்திரேட்டும் செஷன்ஸ் நீதிபதியும் இந்த நாட்டில் அரசாங்க அதிகாரிகள். நீதிபதி வேலைக்கென்று யாரும் தனியாக விண்ணப்பிப்பதில்லை. சட்ட அதிகாரியாகச் சேர்கிறார்கள்; எங்கே அனுப்புகிறார்களோ அங்கே போகிறார்கள். நீதிபதி நாற்காலி அப்படி அனுப்பப்படும் இடங்களில் ஒன்று. கல்வி அமைச்சு ஓர் ஆசிரியரை இன்றைக்கு நிபோங் திபாலுக்கும் நாளைக்குக் குளுவாங்குக்கும் மாற்றுவதைப் போலத்தான். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எல்லாம் தாமாகவே விளங்கிவிடும்.

முதலில் படிநிலையைப் பார்த்துவிடலாம். கீழே மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் செஷன்ஸ் நீதிமன்றம். இவை இரண்டும் 1948-ஆம் ஆண்டின் கீழ்நிலை நீதிமன்றச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. அதற்கும் மேலே உயர் நீதிமன்றம், மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம். கோடு விழுவது செஷன்ஸுக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் நடுவில். கோட்டுக்குக் கீழே இருப்பவர்கள் அரசுச் சேவையில் உள்ள அதிகாரிகள். மேலே இருப்பவர்கள் அரசியலமைப்புச் சட்டத்தின் நேரடிப் பாதுகாப்பு பெற்ற நீதிபதிகள். இந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

பட்டதாரி எப்படி உள்ளே போகிறார்? பினாங்கின் பிறை நகரில் வளர்ந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். பள்ளித் தேர்வான எஸ்.பி.எம். முடித்து, அதற்கு அடுத்த எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் வழியாக மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறைக்குப் போகிறார். நான்கு ஆண்டுப் படிப்பு. வெளியே வரும்போது இருபத்து மூன்றோ நான்கோ வயது. மலாயா, தேசியப் பல்கலைக்கழகம், யுஐடிஎம், அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகம் போன்ற உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டத்துக்கு மேல் தனித்தேர்வு தேவையில்லை. லண்டன் பல்கலைக்கழகப் பட்டத்தை இங்கிருந்தே படித்தவர்களுக்கும், பிரிட்டனுக்குப் போய்ப் பட்டம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பியவர்களுக்கும் சி.எல்.பி. என்ற தகுதித் தேர்வு மதிலாக நிற்கிறது. பொதுத்தாள், சிவில் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியச் சட்டம், தொழில் நடைமுறை என ஐந்து தாள்கள். நம் வீடுகளில் இந்தத் தேர்வின் பெயர் கேட்டாலே பெருமூச்சு விடும் அண்ணன்களும் அக்காக்களும் உண்டு. அதைத் தாண்டியவர்களுக்கு முன்னால் இரண்டு கதவுகள் இருக்கின்றன.

நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் எடுப்பது முதல் கதவு. ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒன்பது மாதப் பயிற்சி, பிறகு உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு. குடும்பம் அங்கி போட்ட படத்தைப் பேஸ்புக்கில் ஏற்றிவிடும். இரண்டாவது கதவு சத்தமில்லாதது. அது நீதி, சட்டச் சேவை. இந்தச் சேவைக்கு ஆள் எடுப்பது பொதுச் சேவை ஆணையம் அன்று. அரசியலமைப்புச் சட்டத்தின் 138-ஆவது பிரிவில் உருவான நீதி, சட்டச் சேவை ஆணையம். மலாயில் அதன் முதலெழுத்துகளைச் சேர்த்து எஸ்பிகேபி என்பார்கள். மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட சட்டத் தகுதி வேண்டும், எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்கிறவர்கள் உண்டு. கீழ்நிலை நீதிமன்றத்தில் காலையிலிருந்து மாலை வரை ஓடுவது மலாய்தான். ஆங்கிலத்தில் மட்டும் சரளமாக இருந்துகொண்டு அங்கே உட்கார முடியாது.

சேர்கிறவர் சட்ட அதிகாரியாகிறார். முன்பு எல் 41 என்று அழைக்கப்பட்ட தரம், 2024 டிசம்பரில் வந்த புதிய ஊதிய முறைக்குப் பிறகு எல் 9 ஆகிவிட்டது. மற்ற அரசு ஊழியர்களைப் போலவே தகுதிகாண் காலம், துறைத் தேர்வு, பிறகு பணி உறுதி. பயிற்சிக்கு பாங்கியில் உள்ள இல்காப் என்ற நீதி, சட்டப் பயிற்சிக் கழகத்துக்கு அனுப்புவார்கள்.

முதல் பணியிடம் எதுவாகவும் இருக்கலாம். மாஜிஸ்திரேட் நாற்காலி, உயர் நீதிமன்றத்தில் துணைப் பதிவாளர் பணி, சட்டத்துறைத் தலைவர் அலுவலகத்தில் அரசுத் தரப்பு துணை வழக்கறிஞர் வேலை, ஓர் அமைச்சின் சட்ட ஆலோசகர் அறை, சட்ட உதவித் துறை, திவால் துறை, நாடாளுமன்றத்துக்குப் போகும் மசோதாக்களை எழுதும் பிரிவு. பதிவாளர் என்றதும் கோப்பு அடுக்குகிறவர் என்று எண்ண வேண்டாம். வீட்டுக் கடன் கட்டாமல் போய் வங்கி வழக்குப் போட்டதும், அந்த வீடு ஏலத்துக்கு வருகிறதல்லவா? உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் நடக்கும் அந்த ஏலத்தைப் பார்த்துக்கொள்வது பதிவாளர் அலுவலகம்தான். வழக்கு விசாரணைக்குத் தயாராகிவிட்டதா என்று இரு தரப்பையும் கூப்பிட்டுக் கேட்டு, நாள் குறிப்பதும் அங்கேதான்.

மாணவிக்கு மாஜிஸ்திரேட் பணி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். சேவைக்குள் இருப்பது மட்டும் போதாது. தனியாக ஒரு நியமனம் வேண்டும். பலருக்குத் தெரியாத ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அங்கே முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டை நியமிப்பவர் மாமன்னர். பினாங்கில் அந்த நியமனம் மாநில அதிகாரத்திடம், அதாவது ஆளுநர் தரப்பில், இருக்கிறது. இரண்டு இடத்திலும் பரிந்துரைப்பவர் மலாயா உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. ஆகவே கோலாலம்பூரின் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்தில் உட்கார்ந்திருந்த ஒரு மாஜிஸ்திரேட் பினாங்கின் பட்டர்வொர்த்துக்கு மாற்றலாகி வந்தால் அதிகாரம் தானாகக் கூடவே வராது. இங்கே புதிதாக நியமனம் ஆக வேண்டும்.

அரசாங்கச் சம்பளம் வாங்கும் மாஜிஸ்திரேட் என்பது பினாங்குக்குப் பழைய கதை. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் 1786-இல் வந்து இறங்கிய பிறகு, இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தீவில் முறையான நீதிமன்றம் கிடையாது. அந்த இடைக்காலத்தில் கம்பெனி கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் டிக்கன்ஸ் என்பவரை நீதிபதியாகவும் மாஜிஸ்திரேட்டாகவும் நியமித்து அனுப்பியது. அரச சாசனத்தின்படி நீதிமன்றம் அமைந்தது 1807-இல். மலேசிய நீதித்துறையின் தொடக்கமாக இதைத்தான் சொல்கிறார்கள். லைட் ஸ்திரீட் வளாகத்துக்கு முன்னால் நிற்கும் வெள்ளைப் பளிங்கு நினைவுச் சின்னம், அடுத்த தலைமுறையில் இங்கே வழக்காடிய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகனுடையது. அதைக் கடந்துதான் சம்மன்காரர்கள் உள்ளே போகிறார்கள். யாரும் நின்று படிப்பதாகத் தெரியவில்லை.

இனி வேலைக்கு வருவோம். புது மாஜிஸ்திரேட்டின் கையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருப்பது காலை நேரத் தடுப்புக் காவல் மனுக்கள் என்பது என் எண்ணம். வழக்கு விசாரணை பத்திரிகையில் வரும், இது வராது. போலீஸ் ஒருவரைக் கைது செய்தால் 24 மணி நேரத்துக்கு மேல் மாஜிஸ்திரேட்டின் அனுமதி இல்லாமல் வைத்திருக்க முடியாது. அரசியலமைப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவே அப்படிச் சொல்கிறது. எனவே லாக்கப்பில் இரவைக் கழித்த இளைஞனைக் காலையில் விசாரணை அதிகாரி கூட்டி வருவார். கையில் மனு, விசாரணை நாட்குறிப்பின் நகல். மோட்டார் சைக்கிள் திருட்டு என்று சந்தேகம். கூட்டாளியைத் தேட வேண்டும், வண்டியை மீட்க வேண்டும், ஆகவே நாள் வேண்டும் என்பார்.

மாஜிஸ்திரேட் என்ன பார்க்க வேண்டும்? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆவது பிரிவு கணக்கைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. சந்தேகிக்கப்படும் குற்றத்துக்கு 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை என்றால் முதல் மனுவில் அதிகபட்சம் நான்கு நாள், இரண்டாவது மனுவில் மூன்று நாள். 14 ஆண்டோ அதற்கு மேலோ, அல்லது மரண தண்டனையோ என்றால் ஏழு நாள், பிறகு இன்னும் ஏழு நாள். மோட்டார் சைக்கிள் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை ஏழு ஆண்டு. ஆக நான்கும் மூன்றும்தான் உச்சவரம்பு. அதிகாரி நான்கு நாள் கேட்டார் என்பதற்காக நான்கையும் கொடுத்தாக வேண்டியதில்லை. நாட்குறிப்பைப் புரட்டி, நேற்றிரவு முதல் என்ன விசாரித்தீர்கள், மீதி என்ன இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் தேவை என்று கேட்டு, இரண்டு நாள் போதும் என்று சொல்லலாம். வழக்கறிஞர் வந்திருந்தால் அவர் பேச்சையும் கேட்க வேண்டும். ஏன் கொடுத்தேன் என்று காரணத்தை எழுதியும் வைக்க வேண்டும். அந்த இளைஞனிடம், அடித்தார்களா, வீட்டுக்குத் தகவல் போனதா என்று ஒரு வார்த்தை கேட்கிற மாஜிஸ்திரேட்டும் உண்டு. தலை நிமிராமல் கையெழுத்துப் போடுகிறவரும் உண்டு. இருபத்தாறு வயதில் இந்தப் பழக்கம் எந்தப் பக்கம் படிகிறதோ அது பெரும்பாலும் கடைசி வரை ஒட்டிக்கொள்ளும்.

அந்த இளைஞனுக்கு மலாய் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்கு அருகில் வந்து நிற்பார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. குற்றச்சாட்டை வாசித்துக் காட்டி, "புரிகிறதா, ஒப்புக்கொள்கிறாயா, விசாரணை கேட்கிறாயா?" என்று அவர் கேட்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் தலையை ஆட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒப்புக்கொள்வதாகச் சொன்னாலும் அதன் விளைவு என்ன என்பது அவருக்குத் தெரிந்துதான் சொல்கிறாரா என்று மாஜிஸ்திரேட் உறுதிசெய்துகொண்ட பிறகே அதை ஏற்க வேண்டும்.

முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் பொதுவாக பத்து ஆண்டுக்கு மேற்படாத சிறைத்தண்டனைக்குரிய குற்றங்களையும், அபராதம் மட்டும் விதிக்கக்கூடிய குற்றங்களையும் விசாரிக்கலாம். தண்டனை கொடுப்பதில் வரம்பு இன்னும் குறுகலானது: ஐந்து ஆண்டுச் சிறை, 10,000 ரிங்கிட் அபராதம், 12 பிரம்படி. சிவில் பக்கம் 100,000 ரிங்கிட் வரையிலான வழக்குகள். கடன் கொடுத்து ஏமாந்தவர்கள் கவனிக்க வேண்டியது, 5,000 ரிங்கிட் வரையிலான சிறு கோரிக்கைகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலே தாமே போகலாம். சிறுவர்கள் மீதான வழக்குகளும் இதே மாஜிஸ்திரேட்டிடம்தான் வரும். 2001-ஆம் ஆண்டின் சிறுவர் சட்டப்படி அப்போது அவர் தனியாக உட்காருவதில்லை. இரண்டு ஆலோசகர்கள் பக்கத்தில் இருப்பார்கள், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். அந்த விசாரணைக்கு வெளியாட்கள் போக முடியாது.

பத்திரிகை வாசிப்பவர்களைக் குழப்பும் செய்தி ஒன்று உண்டு: "கொலைக் குற்றச்சாட்டு, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டார்." கொலை வழக்கை அந்த இளம் மாஜிஸ்திரேட்டா விசாரிக்கப் போகிறார் என்று கேட்பார்கள். இல்லை. மரண தண்டனைக்கு இடமுள்ள வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு உரியது. 2023-இல் கட்டாய மரண தண்டனையை எடுத்துவிட்ட பிறகும் கொலைக்கு மரண தண்டனை, அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை என்பதால், அந்த விதி மாறவில்லை. மாஜிஸ்திரேட் முன்னால் குற்றச்சாட்டை வாசித்துக் காட்டுவார்கள். ஒப்புதலோ மறுப்போ பதிவாகாது. ரசாயன அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை எல்லாம் வந்து சேர்ந்ததும் வழக்கு மேலே போய்விடும். இடையில் மாதக் கணக்கில் மாஜிஸ்திரேட் செய்வது நாள் குறித்துக்கொண்டே இருப்பது மட்டும்தான். அங்கேயும் ஒரே நீதிபதிதான் கேட்பார். ஜூரி முறை 1995 ஜனவரி முதல் நாட்டில் இல்லை.

சில ஆண்டுகள் கழித்து மாற்றல் உத்தரவு வரும். இங்கேதான் வெளியாட்களுக்குத் தூக்கிவாரிப்போடும். நேற்று வரை மேடையில் இருந்து போலீஸ் மனுவை நிராகரித்தவர், அடுத்த மாதம் கோலாலம்பூரில் அரசுத் தரப்பு துணை வழக்கறிஞராக எழுந்து நின்று குற்றவாளிக்குக் கடுமையான தண்டனை கேட்பார். பிறகு ஓர் அமைச்சில் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பார். அதற்குப் பிறகு செஷன்ஸ் நீதிபதியாகத் திரும்பி வரலாம். ஒரே சேவை என்பதால் எல்லாம் ஒரே கயிற்றில் கோத்திருக்கிறது.

இதில் நன்மை இல்லாமல் இல்லை. போலீஸ் விசாரணைக் கோப்பை உள்ளிருந்து படித்த ஒருவரை மேடையில் வைத்தால் அதிகாரிகள் அவரிடம் எளிதில் கதை விட முடியாது. ஆனால் நெருடல் பெரிது. ஒருவர் மாஜிஸ்திரேட்டாக இருக்கும்போது, எதிரே அரசுத் தரப்பில் நிற்கிறவர் அதே சேவையில் ஒரு படி மூத்தவராக இருக்கலாம். அடுத்த மாற்றலில் அவருக்கே மேலதிகாரியாகவும் வரலாம். மாற்றல், பதவி உயர்வு, ஒழுங்கு நடவடிக்கை ஆகியவற்றைப் பார்க்கும் ஆணையத்தில் சட்டத்துறைத் தலைவருக்கோ அவருக்கு அடுத்த நிலை அதிகாரிக்கோ அரசியலமைப்புச் சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. அரசுத் தரப்பு வழக்குகளைத் தொடுக்கும் அதிகாரத்தை 145-ஆவது பிரிவு சட்டத்துறைத் தலைவரிடம் கொடுத்தது. இதனால் எல்லா மாஜிஸ்திரேட்டும் அரசாங்கத்துக்குச் சாய்கிறார்கள் என்று சொல்வது அநியாயம். அரசுத் தரப்பு தோற்கும் வழக்குகள் நாள்தோறும் நடக்கின்றன. ஆனாலும், நீதிச் சேவையைச் சட்டச் சேவையிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டும் என்று வழக்கறிஞர்களும் நீதித்துறையைச் சேர்ந்தவர்களும் பல ஆண்டுகளாகக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நீதி சரியாக இருந்தால் போதாது, கூண்டில் நிற்கிறவனுக்கும் அப்படித் தெரிய வேண்டும்.

செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு வருவோம். செஷன்ஸ் நீதிபதி ஆக வேண்டுமானால் நீதி, சட்டச் சேவையில் உறுப்பினராக இருந்தாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. வெளியிலிருந்து ஒரு வழக்கறிஞர், எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், நேராக அங்கே வர முடியாது. நியமிப்பவர் மாமன்னர், பரிந்துரை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியுடையது. குறிப்பிட்ட ஆண்டு முடிந்ததும் தானாகக் கிடைக்கும் பதவி அன்று. பொதுவாக மாஜிஸ்திரேட், வழக்குத் தொடுப்பு, பதிவாளர் அலுவலகம் என்று சுற்றிவிட்டு, தரம் உயர்ந்த பிறகு வரும் இடம்.

அதிகாரம் பெரியது. மரண தண்டனைக்குரிய குற்றங்களைத் தவிர மற்ற எல்லாக் குற்றங்களையும் செஷன்ஸ் நீதிமன்றம் விசாரிக்கலாம். மரண தண்டனை தவிர சட்டம் அனுமதிக்கும் எந்தத் தண்டனையையும் விதிக்கலாம். லஞ்ச ஊழல் வழக்குகள், பாலியல் குற்றங்கள் எல்லாம் இங்கே வந்து விழும். ஊழல் விசாரணைக்காக ஆரஞ்சு நிற உடையில் அரசியல்வாதிகளைக் கூட்டி வந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் மீது பிறகு குற்றம் சாட்டப்படுவது பெரும்பாலும் செஷன்ஸ் நீதிமன்றத்தில்தான். சிவில் வழக்கில் வரம்பு பத்து லட்சம் ரிங்கிட். ஆனால் இரண்டு வகை வழக்குகளுக்கு உச்சவரம்பே இல்லை. ஒன்று வாடகை சம்பந்தப்பட்டது, அதாவது வீட்டுக்காரர், குடியிருப்பவர் தகராறு. மற்றது வாகன விபத்து.

விபத்து வழக்கைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிள்கள் நிறைந்த பினாங்கில் செஷன்ஸ் நீதிமன்றத்தின் அன்றாட உணவே அதுதான். பிறை தொழிற்பேட்டைக்கு இரவு ஷிப்டுக்குப் போகும் இளைஞன் லாரியில் மோதிக் காலை இழந்தான் என்றால், தவறு யார் மீது எத்தனை விழுக்காடு, அவன் மீதமுள்ள காலத்தில் சம்பாதித்திருக்கக்கூடியது எவ்வளவு, செயற்கைக் காலுக்கு என்ன செலவு, அம்மா பார்த்துக்கொண்ட மாதங்களுக்கு என்ன ஈடு என்று ஒவ்வொன்றையும் செஷன்ஸ் நீதிபதி தொகையாக எழுத வேண்டும். எலும்பு மருத்துவ நிபுணர்களின் அறிக்கைகள் இரண்டு வரும். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும், ஒன்று பாதிக்கப்பட்டவர் தரப்பு, மற்றது காப்பீட்டு நிறுவனத் தரப்பு. வரைபடம் போட்ட போலீஸ்காரர் சாட்சிக் கூண்டில் ஏறி, மூன்று ஆண்டுக்கு முந்தைய விபத்தின் டயர் தடயத்தைப் பற்றிப் பேசுவார். எவ்வளவு படித்த ஆளாக இருந்தாலும் இதில் அனுபவம்தான் பேசும். மாஜிஸ்திரேட்டாக நூற்றுக்கணக்கான சாட்சிகளைக் கேட்டவருக்கு, எந்த ஞாபகம் உண்மையானது, எது நேற்று மனப்பாடம் செய்தது என்று ஓரளவு பிடிபடும்.

தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பு கொடுக்க வேண்டும். அறிவிப்பு வந்ததும் மாஜிஸ்திரேட்டோ செஷன்ஸ் நீதிபதியோ தன் தீர்ப்புக்கான காரணங்களை விரிவாக எழுதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். வேலைப் பளுவில் அதிகாரிகள் அதிகம் திணறுவது இதில்தான். பகலெல்லாம் வழக்கு, மாலையில் காரணம் எழுதும் வேலை. உயர் நீதிமன்ற நீதிபதி அதைப் படிப்பார். சட்டத்தைச் சரியாகப் பயன்படுத்தினாரா, சாட்சியத்தை நியாயமாக எடைபோட்டாரா என்று ஒரு கீழ்நிலை நீதிபதியைப் பற்றி மேலே உருவாகும் எண்ணம் அந்தப் பக்கங்களிலிருந்துதான் பிறக்கிறது.

இப்போது அந்தக் கோடு. செஷன்ஸ் நீதிபதி மீது புகார் வந்தால் அரசு ஊழியருக்கான ஒழுங்கு விதிகளின்படி ஆணையம் நடவடிக்கை எடுக்கும். வேறு துறைக்கு மாற்றவும் முடியும். உயர் நீதிமன்ற நீதிபதியை அப்படி அசைக்க முடியாது. தனி நீதிபதிகள் குழு ஒன்று விசாரித்துப் பரிந்துரைத்தால்தான் பதவி நீக்கம். ஓய்வு வயதும் வேறு: அரசு ஊழியருக்கு 60, உயர் நீதிமன்றம் முதல் மேலே உள்ளவர்களுக்கு 66. அதனால் செஷன்ஸிலிருந்து உயர் நீதிமன்றத்துக்குப் போவதைப் பதவி உயர்வு என்று மட்டும் சொன்னால் போதாது. அரசு ஊழியராக இருந்தவர் அந்த நாளோடு அரசு ஊழியர் இல்லை.

அந்த இடத்துக்கு 123-ஆவது பிரிவு கேட்கும் தகுதி: குடியுரிமை, வழக்கறிஞராகவோ நீதி, சட்டச் சேவையிலோ பத்து ஆண்டு. ஆக இரண்டு கதவுகளில் எதை எடுத்தவரும் கடைசியில் இங்கே சந்தித்துக்கொள்ளலாம். 2009-இல் வந்த சட்டத்தின்படி நீதிபதிகள் நியமன ஆணையம் பெயர்களைத் தேர்ந்து பிரதமருக்குப் பரிந்துரைக்கும். பிரதமரின் ஆலோசனைப்படி, மாநில ஆட்சியாளர்களின் மாநாட்டைக் கலந்த பிறகு மாமன்னர் நியமிப்பார். பெரும்பாலோர் முதலில் நீதித்துறை ஆணையராகச் சில காலம் இருந்து பார்க்கப்படுகிறார்கள்; அதிகாரம் நீதிபதிக்கு உள்ளதேதான், ஆனால் பதவி நிரந்தரம் இல்லை.

இரண்டு வழிக்கும் பெயர் சொல்லலாம். ராஜா அஸ்லான் ஷா சேவைக்குள் நுழைந்து மாஜிஸ்திரேட்டாகவும் செஷன்ஸ் நீதிமன்றத் தலைவராகவும் இருந்தவர். 1965-இல் 37 வயதில் உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார், பிறகு நாட்டின் தலைமை நீதிபதிக்குச் சமமான லார்ட் பிரசிடென்ட், அதன் பிறகு பேராக் சுல்தான், மாமன்னர். கடைசி இரண்டும் எந்தப் படிப்பாலும் கிடைக்காது, விட்டுவிடுவோம். 2019-இல் நாட்டின் முதல் பெண் தலைமை நீதிபதியான துன் தெங்கு மைமுன் துவான் மாட்டும் இதே சேவையின் வழியாக வளர்ந்தவர். மறுபக்கம் நளினி பத்மநாதன். முதலில் உடலியல் படித்து, பிறகு சட்டத்துக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் வழக்கறிஞராக இருந்த பின் 2007-இல் நீதித்துறை ஆணையராகி, 2018-இல் கூட்டரசு நீதிமன்றம் வரை போனவர். கோபால் ஸ்ரீராம் 1994-இல் வழக்கறிஞராக இருந்த நிலையிலிருந்து உயர் நீதிமன்றத்தையும் தாண்டி நேராக மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்தார். இவர்கள் இருவரும் மாஜிஸ்திரேட்டாக இருந்ததில்லை.

எந்தக் கதவு நல்லது என்று பெற்றோர் கேட்கிறார்கள். ஓரிடத்தில் தங்கி வாழ விரும்புகிற பிள்ளைக்கு இந்தச் சேவை ஒத்துவராது. முதல் மாற்றல் கிளந்தானின் உட்பகுதிக்கும் இருக்கலாம், சபாவுக்கும் இருக்கலாம். மணமான பெண்களுக்கு இது இரட்டைச் சுமை. கணவன் பினாங்கில் தொழிற்சாலை எஞ்சினியர் என்றால் குடும்பம் வார இறுதி பஸ்ஸில்தான் ஓடும். பெரிய வழக்கறிஞர் அலுவலகத்தில் பங்குதாரராகிச் சம்பாதிப்பதோடு அரசாங்கச் சம்பளத்தை ஒப்பிடவும் முடியாது. சமூக வாழ்க்கையும் சுருங்கும். கோயில் நிர்வாகத் தேர்தலில் ஒரு பக்கம் நிற்க முடியாது; உறவுக்காரர் வழக்கு தன்னிடம் வந்தால் விலகிக்கொள்ள வேண்டும்; அரசியல் கட்சி மேடைப் பக்கமே போகக் கூடாது. கல்யாண வீட்டில், "மாமா பையன் கேஸ் ஒன்று இருக்கிறது, நீ கொஞ்சம் சொல்லேன்" என்று கேட்கிறவரிடம் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லப் பழக வேண்டும். நம் ஊரில் இது சட்டப் படிப்பைவிடக் கடினமான பாடம்.

கிடைப்பதும் சிறியது இல்லை. வழக்கறிஞர் அலுவலகத்தில் மூத்தவரின் கோப்பைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கும் வயதில், இங்கே சாட்சியைக் கேட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தப் பொறுப்பில் சிலர் சீக்கிரமே முதிர்ந்துவிடுகிறார்கள். சிலருக்குச் சீக்கிரமே கர்வம் ஏறிவிடுகிறது. வயதான வழக்கறிஞரை மேடையிலிருந்து அதட்டும் இளம் மாஜிஸ்திரேட்டைப் பற்றி எல்லா நீதிமன்ற கேண்டீனிலும் ஒரு கதை உலவும்.

செஷன்ஸோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். உயர் நீதிமன்றத்தில் இடங்கள் குறைவு, அதற்குப் போட்டியிட வெளியிலிருந்து வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். அறுபதில் ஓய்வு. பிறகு வீட்டில் சும்மா இருக்க மனமில்லாத பலர் வழக்கறிஞராகப் பதிந்துகொண்டு, இத்தனை காலம் மேலிருந்து பார்த்த அதே நீதிமன்றத்தில் கீழே வழக்கறிஞர் மேசைக்கு வருகிறார்கள். எதிரே மேடையில் இருப்பவருக்கு இவர்களுடைய பிள்ளையின் வயதுதான் இருக்கும். எழுந்து நின்று குனிந்து வணங்கிவிட்டுத்தான் பேசத் தொடங்க வேண்டும்.